வட்டில்லாக் கணினிகள்: வலைவழித் தொடக்கமும் பிழை அறியும் முறையும் வளர்ந்த வரலாறு

வன்வட்டோ நெகிழ்வட்டோ தன்னிடம் இல்லாமல், மின்சாரம் வந்ததும் வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியிடமிருந்து இயக்க முறைமையைப் பெற்றுச் செயல்படத் தொடங்கும் கணினியை வட்டில்லாக் கணினி என்பர். தொடங்கும் அந்தக் கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கும். படிக்க மட்டுமே இயலும் ரோம் சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்ட சிறு நிரலும், வலையட்டையில் ஆலையிலேயே பதிக்கப்பட்ட ஈதர்நெட் முகவரியும் மட்டுமே அதன் உடைமைகள். வலையமைப்பில் தன்னுடைய முகவரி என்ன, தனக்கு உதவும் சர்வர் எது, அந்தச் சர்வரில் தான் கேட்க வேண்டிய கோப்பின் பெயர் என்ன என்ற மூன்றையும் அச்சிறு நிரல் பிறரிடம் கேட்டே அறிய வேண்டும்.

இத்தகைய கணினி இயங்கத் தவறினால், தவறிய காரணத்தை எழுதிவைக்க அதனிடம் ஓர் இடம் இல்லை. திரையில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும், அல்லது அதையும் காட்டாமல் நின்றுவிடும். ஆகவே பிழையைத் தேடும் வேலை தொடக்க காலம் முதலே பழுதுற்ற கணினியைவிட்டு வெளியே, சர்வரின் பதிவேட்டிலும் இரண்டுக்கும் இடையே ஓடும் கம்பியிலும் நடந்துவந்தது. இத்துறையின் நெறிமுறைகளுள் பெரும்பாலானவை முந்தைய முறையில் கண்ட குறைக்கு விடையாக எழுதப்பட்டவை என்பதால், வலைவழித் தொடக்கத்தின் வரலாற்றையும் அதில் பிழை அறியும் முறையின் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆல்டோவும் ஸ்டான்ஃபோர்டும்

இம்முறையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1973-ஆம் ஆண்டு உருவான ஆல்டோ கணினியில் காணப்படுகிறது. ஆல்டோவுக்குக் கழற்றி மாட்டக்கூடிய வட்டு ஒன்று உண்டு. ஆயினும் விசைப்பலகையின் குறிப்பிட்ட விசைகளை அழுத்திக்கொண்டு தொடக்கப் பொத்தானைத் தட்டினால், அது வட்டை விடுத்து ஈதர்நெட் கம்பியை நோக்கும். வலையமைப்பில் இருந்த சர்வர் ஒன்று 'உயிர்மூச்சு' என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட சிறு பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, சீரான இடைவெளியில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக அனுப்பிக்கொண்டே இருந்தது. காத்திருக்கும் ஆல்டோ அதைப் பெற்று, அதில் அடங்கிய நிரலை இயக்கி, எஞ்சியவற்றைக் கேட்டுப் பெற்றது. பயன்பாட்டில் இல்லாத ஆல்டோக்களில் நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டு, பழுதான சில்லுகளைப் பற்றிய செய்தியைக் கம்பி வழியாகவே பராமரிப்பாளருக்கு அனுப்பும் வழக்கமும் அங்கே இருந்ததால், நிரலை ஏற்றுவதற்கும் பழுதை அறிவிப்பதற்கும் ஒரே கம்பி பயன்படும் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

1980களின் முற்பகுதியில் வன்வட்டு விலை மிகுந்ததாகவும், இரைச்சலும் வெப்பமும் தருவதாகவும், ஒவ்வொன்றையும் தனித்தனியே பராமரிக்க வேண்டியதாகவும் இருந்தது. ஒரே சர்வரில் பெரிய வட்டை வைத்து, மேசைகளின் மேல் வட்டில்லாப் பணிநிலையங்களை வைப்பது பல்கலைக்கழகங்களுக்கு உகந்ததாகப்பட்டது. 1982-இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் பெக்டோல்ஷைம் வடிவமைத்த பணிநிலையத்திலிருந்து வளர்ந்தது. அந்நிறுவனம் விற்ற சன்-3/50 என்னும் மாதிரி 4 மெகாபைட் நினைவகத்துடன் வட்டின்றி இயங்கும்படி அமைந்தது. நினைவகம் போதாதபோது எடுத்துவைக்க வேண்டிய பக்கங்களைக்கூட அது கம்பி வழியே சர்வரின் வட்டில்தான் எழுதியது.

இத்தனை சுமையை ஒரு கம்பி தாங்குமா என்ற ஐயத்தை எட்வர்ட் லசோவ்ஸ்கா, ஜான் ஸஹோர்ஜன், டேவிட் செரிட்டன், வில்லி ஸ்வேனபோல் ஆகிய நால்வரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு அளவீடுகளைக் கொண்டு ஆராய்ந்தது. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள வலையமைப்பில், மென்பொருள் உருவாக்கும் பணியில் ஈடுபட்ட 100 பணிநிலையங்கள் இயங்கினாலும் கம்பியின் நெரிசல் தடையாகாது என்றும், ஒவ்வொரு பணிநிலையத்தையும் வலுப்படுத்துவதைவிடப் பொதுச் சர்வரை வலுப்படுத்துவது சிக்கனமாக அமையக்கூடும் என்றும் அது முடிவு கூறியது. மந்தமாக இயங்கும் வட்டில்லாக் கணினியைப் பற்றிய முறையீடு வரும்போது முதலில் சர்வரைப் பார்க்க வேண்டும் என்ற பராமரிப்பாளர்களின் நடைமுறை அறிவுக்கு இம்முடிவு துணைநின்றது.

பெயர் கேட்கும் நெறிமுறை

தன் முகவரியைத் தானே அறியாத கணினிக்கு அதைச் சொல்லும் வழியை 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் ஃபின்லேசன், திமோதி மான், ஜெஃப்ரி மோகுல், மார்வின் தைமர் ஆகியோர் ஆர்.எஃப்.சி. 903 என்னும் ஆவணத்தில் வகுத்தனர். இணைய நெறிமுறைகளைப் பதிவு செய்யும் எண்ணிட்ட ஆவண வரிசையே ஆர்.எஃப்.சி. எனப்படுகிறது. ஐ.பி. முகவரியைக் கொண்டு ஈதர்நெட் முகவரியை அறியும் ஏ.ஆர்.பி. நெறிமுறை 1982-இலேயே இருந்தது. புதிய நெறிமுறை அதைத் தலைகீழாக்கி, ஈதர்நெட் முகவரியைச் சொல்லி ஐ.பி. முகவரியைக் கேட்டது என்பதால் ஆர்.ஏ.ஆர்.பி. எனப் பெயர் பெற்றது.

சன் பணிநிலையம் தொடங்கும் வரிசை இதன்மேல் கட்டப்பட்டது. ரோமில் உள்ள நிரல் ஆர்.ஏ.ஆர்.பி. மூலம் முகவரி பெற்று, அம்முகவரியைப் பதினாறடிமான எண்களாக எழுதினால் வரும் எட்டு எழுத்துகளையே கோப்பின் பெயராகக் கொண்டு, டி.எஃப்.டி.பி. என்னும் எளிய கோப்பு மாற்ற நெறிமுறையால் அக்கோப்பைக் கேட்கும். எடுத்துக்காட்டாக 192.9.200.10 என்ற முகவரியுடைய கணினி 'சி009சி80ஏ' என்ற கோப்பை நாடும். அக்கோப்பில் வந்த நிரல் தனக்குரிய வேர்க் கோப்பகம் எந்தச் சர்வரில் எங்கே உள்ளது என வினவி அறிந்து, என்.எஃப்.எஸ். எனப்படும் வலைக் கோப்பு முறைமையால் அதைத் திறந்து, இயக்க முறைமையின் மையமான கெர்னலை ஏற்றும்.

இவ்வரிசையின் ஒவ்வொரு படிக்கும் உரிய தவறு ஒன்று இருந்தது. ஏ.ஆர்.பி. அல்லது ஆர்.ஏ.ஆர்.பி. பாக்கெட்டுக்காகக் காத்து நேரம் கடந்துவிட்டது என்னும் செய்தி திரையில் திரும்பத் திரும்ப வருவதைச் சன் கணினிகளைப் பராமரித்தோர் அனைவரும் அறிவர். அச்செய்தி வந்தால், ஈதர்நெட் முகவரிகளைக் கையால் எழுதிவைக்கும் சர்வரின் பட்டியலில் அக்கணினியின் வரி விடுபட்டிருக்கலாம், விடையளிக்கும் சேவை நிரல் சர்வரில் ஓடாமல் இருக்கலாம், கம்பியே அறுந்திருக்கலாம். முகவரி கிடைத்த பின்பும் கணினி நின்றுவிட்டால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எழுத்து இடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது வழக்கம்.

பழுதுபார்ப்பே பழுதுக்குக் காரணமானதும் உண்டு. மையப் பலகையை மாற்றினால் ஈதர்நெட் முகவரியும் மாறும். சர்வரின் பட்டியலோ பழைய முகவரியையே வைத்திருக்கும். அதனால் சன்-3 வகைகளில் முகவரி பொதிந்த சிறு சில்லைப் பழைய பலகையிலிருந்து பிடுங்கிப் புதியதில் பொருத்துவதைப் பராமரிப்பாளர்கள் பழகிக்கொண்டனர். பின்வந்த ஸ்பார்க்ஸ்டேஷன்களில் அம்முகவரி உள்மின்கலம் கொண்ட நினைவகச் சில்லில் இருந்தது. ஆண்டுகள் கடந்து மின்கலம் தீர்ந்தபோது கணினி தன் ஈதர்நெட் முகவரியையே மறந்து, எல்லா இடங்களிலும் 'எஃப்' நிறைந்த பொருளற்ற முகவரியைக் காட்டியது.

அக்காலக் கம்பிகளின் இயல்பும் தேடலைக் கடினமாக்கியது. பல கணினிகளை ஒரே கோஆக்சியல் வடத்தில் வரிசையாகக் கோத்த மெல்லிய ஈதர்நெட்டில், வடத்தின் இரு முனைகளிலும் 50 ஓம் மின்தடையுள்ள முனையடைப்பு இருந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று கழன்றாலும், இடையில் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் அவ்வடத்தில் உள்ள அனைத்தும் நின்றுபோகும். ஒரு கணினி மட்டும் தொடங்கவில்லை என்றால் சர்வரின் பட்டியலைப் பார், ஒரு வரிசை முழுதும் தொடங்கவில்லை என்றால் வடத்தைப் பார் என்ற பாகுபாடு இந்த அனுபவத்தில் விளைந்தது.

ஒரே கேள்வியில் எல்லாம்

ஆர்.ஏ.ஆர்.பி.க்கு இரு குறைகள் இருந்தன. அதன் பாக்கெட் ரூட்டரைத் தாண்டிச் செல்லாது என்பதால் ஒவ்வொரு வலைப்பகுதியிலும் ஒரு சர்வர் தேவைப்பட்டது. அது முகவரியைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பில் கிராஃப்டும் சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கில்மோரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 951, பூட்பி என்னும் நெறிமுறையை அறிமுகப்படுத்தி இவ்விரு குறைகளையும் போக்கியது. கணினியின் முகவரி, சர்வரின் முகவரி, தொடக்கக் கோப்பின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே விடையில் தரும் அமைப்பும், இடையிலுள்ள ரூட்டர் கேள்வியைத் தொலைவிலுள்ள சர்வருக்குக் கடத்தித் தருவதற்கான இடமும் அப்பாக்கெட்டில் இருந்தன.

இன்னும் முகவரி பெறாத கணினிக்கு விடையை எப்படி அனுப்புவது என்பதும் அந்த ஆவணம் எதிர்கொண்ட சிக்கல். சர்வர் ஏ.ஆர்.பி. மூலம் அக்கணினியைத் தேடினால், தன் முகவரியை அறியாத அது பதில் கூறாது. எனவே சர்வர் தன் முகவரிப் பட்டியலில் அதற்குரிய வரியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது விடையை எல்லோருக்கும் பொதுவாக அனுப்ப வேண்டும். பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ட்ரோம்ஸ் 1993-இல் எழுதிய டி.ஹெச்.சி.பி. என்னும் நெறிமுறை, முகவரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாக வழங்கும் ஏற்பாட்டைச் சேர்த்தபோதும், பூட்பியின் பாக்கெட் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் முன்பே அமைந்திருந்த கடத்தும் கருவிகள் பயனற்றுப் போகவில்லை. இன்றைய வலையமைப்புகளில் முகவரி வழங்கும் பாக்கெட்டுகளும் 1985-இன் அதே அச்சில்தான் உள்ளன.

கோப்பைக் கொண்டுவரும் டி.எஃப்.டி.பி. நெறிமுறையின் வரையறையை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கேரன் சொலின்ஸ் 1981-இல் ஆர்.எஃப்.சி. 783-ஆக வெளியிட்டார். சில கிலோபைட் ரோமில் அடங்க வேண்டும் என்பதால் அது மிக எளிமையாக அமைந்தது: கோப்பு 512 பைட் துண்டுகளாக வரும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை சென்ற பின்பே அடுத்தது வரும். இந்த எளிமையே பல பிழைகளுக்கு இடமானது. தாமதமாக வந்த ஒரு பாக்கெட்டினால் ஒப்புகை இருமுறை சென்றால், அதன்பின் ஒவ்வொரு துண்டும் கோப்பு முடியும்வரை இருமுறை அனுப்பப்படும்; கோப்பு சரியாகவே வந்து சேருவதால் வலையமைப்பின் சுமை கூடியதன் காரணம் எளிதில் புலப்படாது. 1989-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 இதைத் திருத்துவதைக் கட்டாயமாக்கியது. துண்டுகளின் வரிசை எண் 16 பிட் அளவே இருந்ததால், 512 பைட் துண்டுகளில் ஏறத்தாழ 32 மெகாபைட்டைத் தாண்டிய கோப்பை அனுப்ப வழியில்லாமல் இருந்தது. துண்டின் அளவைப் பெரிதாக்கும் விருப்பத்தேர்வு 1995-இல் வந்தது.

கடவுச்சொல் எதையும் கேட்காத இந்நெறிமுறை சர்வரில் கட்டுப்பாடின்றித் திறந்திருந்ததால் வெளியார் பயனர் பட்டியலையே எடுத்துச் செல்வது குறித்து, அமெரிக்காவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட் 1991-இல் எச்சரித்தது. அதன்பின் டி.எஃப்.டி.பி. சேவையை ஒரே கோப்பகத்துக்குள் அடைத்துவைப்பது பொது வழக்கமாயிற்று. அப்படி அடைத்த பின்பு கோப்பின் முழுப் பாதையை எழுதியிருந்த பழைய அமைப்புகள் கோப்பு இல்லை என்று நின்றன. சர்வர் 69-ஆம் போர்ட்டில் கேள்வியைப் பெற்றாலும் வேறொரு போர்ட்டிலிருந்தே விடையளிக்கும் என்பதால், இதை அறியாத தீச்சுவர்கள் விடையைத் தடுப்பதும் இன்றுவரை காணப்படும் தவறு.

கம்பியைக் கேட்கும் கருவிகள்

பேச இயலாத கணினியின் நிலையை அறிய, அது கம்பியில் என்ன கேட்டது, என்ன விடை வந்தது என்பதை ஒட்டுக்கேட்பதே நம்பத்தக்க வழியாக நிலைபெற்றது. சன் கணினிகளில் ஈதர்ஃபைண்ட் என்னும் நிரலும், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் 1980களின் இறுதியில் எழுதிய டி.சி.பி.டம்ப் நிரலும், ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு 2006-இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறிய நிரலும் இப்பணிக்குரியவை. கேள்வியே கம்பியில் தெரியவில்லை என்றால் குறை கணினியிலோ இணைப்பிலோ இருக்கிறது. கேள்வி தெரிந்து விடை தெரியவில்லை என்றால் குறை சர்வரில் இருக்கிறது. விடையும் சென்று கணினி மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால் விடை சென்றடையும் வழியிலோ விடையின் உள்ளடக்கத்திலோ குறை இருக்கிறது. இந்த மும்முனைப் பகுப்பு நெறிமுறைகள் பல மாறியும் மாறவில்லை.

கெர்னல் ஏறிய பின் வரும் குறைகளையும் இக்கருவிகளே வெளிக்கொணர்ந்தன. என்.எஃப்.எஸ். 8,192 பைட் அளவில் தரவைக் கேட்டால், ஈதர்நெட்டின் 1,500 பைட் வரம்பினால் அது 6 துண்டுகளாகப் பிரிந்து அடுத்தடுத்து வரும். மெதுவான வலையட்டை அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் ஆறையும் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும். அவ்வாறு அனுப்பும்போதும் அதே தவறு நேரும். சர்வர் பதிலளிக்கவில்லை, தொடர்ந்து முயல்கிறது என்ற செய்தி திரையில் வந்தாலும் சர்வர் நலமாகவே இருந்தது. படிக்கும் அளவை 1,024 பைட்டாகக் குறைத்ததும் இச்சிக்கல் தீர்ந்தது.

தனிநபர் கணினியும் குறியீட்டு எண்களும்

தனிநபர் கணினிகளின் வலையட்டைகளில் தொடக்க ரோமைப் பொருத்துவதற்கு வெற்றுக் குழி ஒன்று விடப்பட்டிருந்தது. அதில் பொருத்தும் சில்லு நோவெல், ஐ.பி.எம். போன்ற நிறுவனங்களின் முறைகளுக்கேற்ப வேறுபட்டது. தன்னார்வலர்கள் உருவாக்கிய ஈதர்பூட் நிரல், பூட்பியையும் டி.எஃப்.டி.பி.யையும் இத்தகைய அட்டைகளுக்குக் கொண்டுவந்தது. 1999-இல் ஜிம் மெக்குவிலன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், பள்ளிகளில் ஒதுக்கப்பட்ட பழைய கணினிகளை வட்டில்லாமல் இயக்கிக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 வரையறை, டி.ஹெச்.சி.பி.யையும் டி.எஃப்.டி.பி.யையும் இணைத்துப் பொது முறையொன்றை நிறுவியது. தாய்ப்பலகையிலேயே அது இடம்பெறத் தொடங்கியதால் தனி ரோம் வாங்கும் தேவை மறைந்தது.

பிழை அறிவோருக்கு பி.எக்ஸ்.இ. தந்த பெரும் உதவி, நின்ற படியைக் குறிக்கும் எண்கள். இ61 என்றால் கம்பியின் இணைப்பே இல்லை. இ51 என்றால் முகவரி தருவோர் எவரும் விடையளிக்கவில்லை. இ53 என்றால் முகவரி வந்தும் கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்தும் டி.எஃப்.டி.பி. சர்வர் பேசவில்லை. முற்காலத்தில் கம்பியை ஒட்டுக்கேட்டு அறிந்தவற்றுள் ஒரு பகுதியைக் கணினியே சொல்லத் தொடங்கியது. ஹெச். பீட்டர் ஆன்வின் எழுதிய பி.எக்ஸ்.இ.லினக்ஸ் என்னும் ஏற்றும் நிரல், தன் அமைப்புக் கோப்பைத் தேடும்போது பதினாறடிமான முகவரியைப் பெயராகக் கொண்ட கோப்பைக் கேட்டு, கிடைக்காவிட்டால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிக் கேட்டுக்கொண்டே சென்று, முடிவில் பொதுக் கோப்பை நாடும். சன் பணிநிலையங்களின் பெயரிடும் வழக்கத்தை ஒத்த அத்தேடல், சர்வரின் பதிவேட்டில் வரிசையாகப் பதிவாவதால் கணினி எந்தப் பெயரை எதிர்பார்த்தது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

ஆனால் எண் காட்டும் இடத்தில் குறை இல்லாத நேர்வுகளும் இருந்தன. அவற்றுள் ஸ்விட்சுகளால் வந்தது பெயர்பெற்றது. வலையமைப்பில் பாக்கெட்டுகள் வட்டமிட்டுச் சுழல்வதைத் தடுக்க, டி.இ.சி. நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை, புதிதாக உயிர்பெற்ற போர்ட்டை 15 நொடிகள் வீதம் இரு கட்டங்களாக மொத்தம் 30 நொடிகள் அடைத்து வைத்துச் சோதிக்கும். பி.எக்ஸ்.இ. கணினி 4, 8, 16, 32 நொடிகள் என நீளும் இடைவெளிகளில் கேட்பதால், பொறுமையுடன் காத்தால் அதற்கு விடை கிடைத்துவிடும். ஆயினும் பின்னர் ஏறும் கெர்னல் வலையட்டையை மீண்டும் தொடக்கும்போது இணைப்பு அறுந்து சேர்வதால் அந்த 30 நொடி மறுபடி எண்ணப்படும். அத்தனை நேரம் காத்திராத கெர்னல், முகவரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். முதற்கேள்விக்கு விடை தந்த அதே சர்வர் இரண்டாம் கேள்விக்கு மௌனமாக இருப்பதைக் கண்டு சர்வரைக் குறைகூறியோர் பலர். கணினிகள் மட்டுமே இணையும் போர்ட்டுகளில் காத்திருப்பை நீக்கும்படி ஸ்விட்சை அமைப்பதே உண்மையான தீர்வு.

பிந்தைய மாற்றங்கள்

பழைய பயாஸ் நிரலுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. பரவியபோது, ஒரே கோப்பு எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும் நிலை முடிந்தது. கணினி தன் கட்டமைப்பு வகையை எண்ணாகச் சொல்லும் முறையை ஆர்.எஃப்.சி. 4578 என்னும் ஆவணம் 2006-இல் பதிவு செய்தது. ஆனால் 64 பிட் கணினிகளுக்கு அது தந்த எண் 9 என்றிருக்க, நடைமுறையில் அக்கணினிகள் 7 என்றே சொல்லின. ஆவணத்தை நம்பி 9-க்கு மட்டும் விடை எழுதியவர்களின் சர்வர்கள் தவறான கோப்பையே தந்தன. 2015-இல் வந்த யு.இ.எஃப்.ஐ. 2.5, டி.எஃப்.டி.பி.க்குப் பதிலாக ஹெச்.டி.டி.பி. வழியே கோப்பைப் பெறும் வழியைத் திறந்தது. ஈதர்பூட்டின் வழித்தோன்றலாக 2010-இல் உருவான ஐபி.எக்ஸ்.இ. அதற்கு முன்பே அவ்வசதியைத் தந்திருந்தது.

ரோமில் பொறித்த பிழை எவ்வளவு நீடிக்கும் என்பதை 2016-இல் வந்த ராஸ்பெரி பை 3 காட்டியது. அதன் சில்லில் வலைவழித் தொடக்க வசதி இருந்தது. அதில் சில பிழைகளும் உடன் பொறிக்கப்பட்டிருந்தன. சில்லைத் திருத்த வழியில்லாததால், திருத்திய தொடக்க நிரலை மட்டும் தாங்கும் நினைவக அட்டையைச் செருகுவதே பரிந்துரையாயிற்று. வட்டே வேண்டாத கணினிக்கு ஒரு சிறு சேமிப்பு அட்டை தேவைப்பட்டது. பின்வந்த ராஸ்பெரி பை 4-இல் தொடக்க நிரல் மாற்றி எழுதக்கூடிய சில்லுக்கு இடம்பெயர்ந்தது.

வன்வட்டு மலிந்துவிட்ட இன்று, மேசைமேல் வட்டில்லாக் கணினி வைக்க 1980களில் இருந்த காரணங்களுள் பல மறைந்துவிட்டன. ஆயினும் தரவு மையங்களில் புதிதாக நிறுத்தப்படும் சர்வர்கள் தங்கள் இயக்க முறைமையை இம்முறையிலேயே பெறுகின்றன. கணக்கீட்டுத் தொகுதிகள் பலவற்றின் கணுக்கள் வட்டின்றியே இயங்குகின்றன. இணைப்பு, முகவரி, கோப்பின் பெயர், கோப்பின் வரவு, கெர்னல், வேர்க் கோப்பகம் என்ற படிவரிசையை வகுத்தவர்கள் ஸ்டான்ஃபோர்டிலும் சன் நிறுவனத்திலும் கையால் பட்டியல் எழுதிய தலைமுறையினர். அவ்வரிசை இன்னும் கலையவில்லை. அதனால்தான் புதிய வன்பொருளில் பிழை தேடுவோரும், கணினி எந்தப் படியைக் கடந்தது, எந்தப் படியில் நின்றது என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் எந்தக் குறையை நீக்க எழுதப்பட்டது என்பதை அறிந்தவருக்கு, அந்தப் படி எவ்வாறு தவறக்கூடும் என்பதும் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.